இறங்கத் தெரிய வேண்டும்

"ஹெலிகாப்டர் நின்ற இடத்திலிருந்தே மேலே எழும்பும், நின்ற இடத்திலேயே கீழே இறங்கும் என்று புஸ்தகத்தில் போட்டிருக்கிறதே, ஸார்! அப்படியிருக்க, அது ஏன் அரை மைலுக்கு அப்பாலிருந்து சாய்வாக வந்து இறங்குகிறது?" என்று எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. ஆனால் பதில் ஒரு பாட வேளைக்குள் அடங்குவதாக இல்லை. ஆகையால், அவனுக்குச் சுருக்கமாகச் சொன்னதை நேயர்களுக்குச் சற்று விஸ்தாரமாகச் சொல்லலாம் என்பது இந்த வாரத்து உத்தேசம்.

ஆகாயத்தில் ஏறுவதைப் பற்றி நாம் பேசுகிற அளவுக்கு இறங்குவதைப் பற்றிப் பேசுவது கிடையாது. புஷ்பக விமானத்தின் கதையைக் கேட்கும்போதும், அது எவ்வளவு உயரம் போயிற்று, எத்தனை பேரை ஏற்றிக்கொண்டது என்றுதான் குழந்தைகள் கேட்கிறார்கள். அதை எப்படித் தரையில் வைத்தார்கள் என்று ஒரு குழந்தையாவது கேட்டதுண்டா? ஆனால் விமானம் ஓட்டப் பழகுகிறவர்களை விசாரித்துப் பாருங்கள். மேலே கிளம்புவதற்கு யந்திரமே பாதி உதவி செய்துவிடும். ஒழுங்காக இறங்குவதற்கோ மாணாக்கனுடைய கண்ணும் கையுமே துணை என்பார்கள்.

ஹெலிகாப்டருக்கு வயது அதிகமில்லை. கீவ் நகரில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய இகோர் சிகார்ஸ்கி, 1939 செப்டம்பரில் தம்முடைய யந்திரத்தைக் கயிற்றால் கட்டி வைத்துத் தரையை விட்டுச் சற்றே எழுப்பினார். ஐந்து வருஷம் கழியுமுன், 1944 ஏப்ரலில், அவர் நிர்மாணித்த வகையைச் சேர்ந்த ஹெலிகாப்டர் ஒன்று நம் அசாமில் லாலாகாட் என்னுமிடத்திலிருந்து பர்மாக் காட்டுக்குள் போய், ஜப்பானியர் படைக்குப் பின்னால் அகப்பட்டுக்கொண்டிருந்த நான்கு பேரை மீட்டு வந்தது. ஓட்டியவர் கார்ட்டர் ஹார்மன் என்ற இளம் அமெரிக்க அதிகாரி. அவரைத் தவிர இன்னும் ஒரே ஒருவருக்குத்தான் அதில் இடம். வெப்பமும் ஈரமும் மண்டிய காற்றில் என்ஜின் திணறத் திணற, ஒவ்வொருவராகத்தான் தூக்கி வந்தார். யுத்த களத்தில் ஹெலிகாப்டர் செய்த முதல் மீட்பு இதுதான் என்று சொல்கிறார்கள். என்ஜின் ஏன் திணறிற்று என்பதில்தான் நம் பையனுடைய கேள்விக்குப் பாதி விடை இருக்கிறது.

அந்தரத்தில் அசையாமல் நிற்கும் ஹெலிகாப்டரைப் பார்த்தால் அது சிரமமின்றி இளைப்பாறுவதுபோல் நமக்குத் தோன்றும். உண்மை இதற்கு நேர்விரோதம். முன்னோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போது அதன் விசிறிக்குப் புதிய காற்று தானாக வந்து அகப்படுகிறது. குறைந்த பலத்தில் பாரம் தாங்குகிறது. நின்றுவிட்டாலோ, தானே காற்றை மேலிருந்து இழுத்துக் கீழே தள்ளித் தள்ளித் தன்னைத் தாங்கிக்கொள்ள வேண்டும். ஆழமான குளத்தில் நீந்திப் போகிறவனுக்கு மிதப்பது எளிது. ஓரிடத்திலேயே நிலைநீச்சல் அடிக்கிறவனுக்குத்தான் மூச்சு வாங்குகிறது. அதைப் போன்றது இது.

சரி, நேரே இறங்கினால் என்ன ஆகும்? மேல் விசிறி கீழே தள்ளிய காற்று ஒரு நீரோட்டத்தைப்போல இறங்கிக்கொண்டிருக்கிறது. யந்திரமும் அந்த ஓட்டத்துக்குள்ளேயே வேகமாக இறங்கினால், விசிறியின் விளிம்பில் காற்று சுருண்டு, மறுபடி மேலே போய், திரும்பவும் விசிறிக்குள்ளேயே வந்து விழும். தான் தள்ளிய காற்றையே தான் திரும்பக் கடைந்துகொண்டிருக்கும் நிலை. இதைச் சுழல் வளையம் என்கிறார்கள். முன்வேகம் மணிக்கு நாற்பது, ஐம்பது கிலோமீட்டருக்குக் கீழே போய், இறங்கும் வேகம் நிமிஷத்துக்கு 300 அடிக்கு மேல் ஆகி, என்ஜினும் பலமாக இழுத்துக்கொண்டிருந்தால் இந்தச் சுழலுக்கு இடம் கொடுத்ததாகும். யந்திரம் நடுங்கும்; பிறகு கல்போல் அமிழும்.

இதில் பயங்கரமான விஷயம் அமிழ்வது அல்ல. அமிழ்கிறோம் என்று தெரிந்த கணத்தில் மனித சுபாவம் என்ன செய்யச் சொல்கிறதோ, அதுதான் பயங்கரம். கீழே போகிறோம், மேலே தூக்கு என்று கை தானாக உயர்த்தும் பிடியை இழுக்கும். இழுக்க இழுக்கச் சுழலுக்குத் தீனி போட்டதாகிறது. யந்திரம் இன்னும் வேகமாக அமிழ்கிறது. தப்ப வேண்டுமானால் மூக்கைச் சாய்த்து முன்னோக்கிப் போய்ப் புதிய காற்றைப் பிடிக்க வேண்டும். கீழே போய்க்கொண்டிருப்பவன் மூக்கை இன்னும் கீழே சாய்ப்பதாவது! மனம் இடம் கொடுக்குமா? கொடுக்கும்படி பழக்கினாலும் அதற்கு உயரம் வேண்டும். தரைக்கு நூறு அடி மேலே சுழலில் சிக்கியவனுக்கு அந்த உயரம் ஏது? ஆகவே சிக்காமல் இருப்பதைத்தான் முதலில் கற்பிக்கிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. என்ஜின் நின்றுபோனாலும் ஹெலிகாப்டர் பத்திரமாக இறங்க முடியும். இது பலருக்குத் தெரியாத செய்தி. கீழிருந்து மேலே பாயும் காற்று விசிறியைச் சுழற்றிக்கொண்டேயிருக்கும். காற்றாடி சுற்றுவதைப் போலத்தான். அந்தச் சுழற்சியில் சேர்ந்த பலத்தைக் கடைசி நிமிஷத்தில் செலவழித்து மெதுவாகத் தரை தொடலாம். ஆனால் அதற்குக் கையில் வேகமாவது இருக்க வேண்டும், போதிய உயரமாவது இருக்க வேண்டும். இருநூறு அடி உயரத்தில் அசையாமல் நின்றுகொண்டிருப்பவனிடம் இரண்டும் இல்லை.

ஆக, சாய்வு. ஆனால் எவ்வளவு சாய்வு? நம் மதுரை அவனியாபுரத்து விமான நிலையத்தில் இறங்கும் பெரிய விமானங்கள் ஏறக்குறைய 3 பாகைச் சாய்வில் வருகின்றன. நூறு அடி முன்னேறினால் ஐந்து அடி இறக்கம். ஹெலிகாப்டரின் சாதாரண இறங்கு பாதை சுமார் 10 பாகை. நூறு அடிக்குப் பதினேழு, பதினெட்டு அடி இறக்கம். 500 அடி உயரத்திலிருந்து கணக்குப் போட்டால் அரை மைலுக்குச் சற்று அதிகமான தூரம் வருகிறது. பையன் கண்ணால் அளந்தது சரிதான்! அந்தத் தூரத்தைக் கடக்க ஆவது ஒரு நிமிஷம், மிஞ்சினால் ஒன்றரை நிமிஷம். தொடக்கத்தில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகம். முடிவில், தரைக்கு மூன்றடி மேலே, பூஜ்யம். நடுவில் எங்கும் திடீர் என்று எதுவும் நடக்கக்கூடாது. மாணாக்கன் கற்க வேண்டியது இவ்வளவுதான்.

இந்த "இவ்வளவுதான்" எப்படிப்பட்டது என்பதை என்னிடம் படித்த பையன் ஒருவன் சொல்லக் கேட்டிருக்கிறேன். கடற்படையில் சேர்ந்து, அரக்கோணத்தில் ராஜாளி என்ற கடற்படை விமானத் தளத்தில் ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றவன். அந்தத் தளம் 1992 மார்ச்சில் குடியரசுத் தலைவராயிருந்த ஆர். வெங்கட்ராமனால் தொடங்கி வைக்கப்பட்டது. அங்கே நான்கு கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஓடுபாதை ஒன்று இருக்கிறது. பெரிய ரோந்து விமானங்களுக்காகப் போட்டது. ஓடுபாதையே வேண்டாத யந்திரத்தை ஓட்டுவதற்கு அதன் பக்கத்தில் உட்கார்ந்து கற்கிறார்கள் என்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. கடற்படையின் 561-ஆவது அணி என்ற பெயருள்ள அந்தப் பள்ளி, ஐம்பதாண்டுகளுக்கு மேலாக நம் கடற்படைக்கும் கரையோரக் காவல் படைக்கும் ஹெலிகாப்டர் ஓட்டிகளைத் தயார் செய்து வந்திருக்கிறது. அவர்கள் பழகுவது சேத்தக் என்ற வகையில். பிரெஞ்சுக்காரர்களின் அமைப்பு, 1965 முதல் பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் சாலையில் நம்மவர்களே கட்டியது. ராணா பிரதாபின் குதிரைக்குச் சேத்தக் என்று பெயர் என்பது நேயர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் குதிரையும் புதியவர்களுக்கு இவ்வளவு சுலபத்தில் வசப்பட்டிராது என்றுதான் நினைக்கிறேன்.

"மூன்று பிடிகள், ஸார்" என்றான் என் மாணாக்கன். "இடது கைக்கு ஒன்று: அதை உயர்த்தினால் யந்திரம் உயரும், தாழ்த்தினால் தாழும். வலது கைக்கு ஒன்று: அதை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கம் யந்திரம் போகும். கால்களுக்கு இரண்டு மிதிகள்: அவை வால் விசிறியைக் கொண்டு மூக்கைத் திருப்பும். தனித்தனியாகக் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் மூன்றும் வந்துவிடும். சேர்த்துக் கொடுத்தார்கள் என்றால் ஒன்றுமே வராது."

ஏனெனில் ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் கெடும். சேத்தக்கின் மேல் விசிறி, மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளின் திசையில் சுழல்கிறது. இடக்கைப் பிடியை உயர்த்தினால் விசிறிக்கு அதிக பலம் போகிறது. அதன் எதிர்விளைவாக உடம்பு மறுபக்கம் திரும்பி மூக்கு இடப்புறம் ஓடுகிறது. உடனே வலக்காலை அழுத்த வேண்டும். அழுத்தினால் வால் விசிறி யந்திரத்தைப் பக்கவாட்டில் சற்றுத் தள்ளுகிறது. அதற்கு வலக்கையைச் சாய்க்க வேண்டும். சாய்த்தால் தூக்கும் பலத்தில் ஒரு பங்கு பக்கவாட்டில் போய்விடுகிறது, யந்திரம் தாழ்கிறது. மறுபடி இடக்கை! சங்கிலிக்கு முடிவே கிடையாது. புதிய மாணாக்கன் இந்தச் சங்கிலியைத் துரத்திக்கொண்டே போவான். வலப்புறம் ஓடுகிறதே என்று இடப்புறம் சாய்ப்பான். யந்திரம் ஒரு கணம் தாமதித்துத்தான் கட்டளைக்குக் கீழ்ப்படியும். கீழ்ப்படியவில்லையே என்று இன்னும் சாய்ப்பான். இரண்டு கட்டளையையும் சேர்த்து அது நிறைவேற்றும்போது அலறிப் புடைத்துக்கொண்டு வலப்புறம் இழுப்பான். தொட்டில்போல ஆடத் தொடங்கிவிடும்.

மாசி வீதிகளில் சித்திரைத் தேர் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தேர் திசை மாறிய பிறகு முட்டுக்கட்டை போடுகிறவன் தேர்த் தச்சன் அல்லன். சக்கரம் எங்கே போகப் போகிறது என்று நான்கு அடி முன்னாலேயே பார்த்து, சின்னக் கட்டையாகப் போட்டு, விலகிவிடுகிறவனுக்குத்தான் அந்தத் தொழில் தெரியும். ஹெலிகாப்டரிலும் முன்கையைத் தொடைமேல் ஊன்றி வைத்துக்கொண்டு, மணிக்கட்டால் மட்டும் பிடியை அசைக்கச் சொல்கிறார்கள். அசைத்தான் என்று பார்க்கிறவனுக்குத் தெரியவே கூடாது. ஒரு கட்டளை கொடு, காத்திரு, பலனைப் பார், பிறகு அடுத்ததைக் கொடு. சொல்வதற்கு எளிது, காத்திருக்கும் அந்த அரைக் கணம் யுகமாகத் தோன்றுமாம்.

கையைப் பற்றி இவ்வளவும் சொன்னாலும், இறங்கும் வித்தை உண்மையில் கண்ணில்தான் இருக்கிறது. மானிகள் எத்தனையோ முன்னால் இருக்கின்றன. ஆனால் நல்ல பகலில் மாணாக்கன் வெளியேதான் பார்க்க வேண்டும். இறங்க வேண்டிய இடத்தை முன் கண்ணாடியில் ஒரு புள்ளியாகப் பிடித்துக்கொள்கிறான். மூக்கின் நிலை மாறாமலிருக்க, அந்தப் புள்ளி கண்ணாடியில் அசையாமல் நின்று, மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டு மட்டும் வந்தால் பாதை சரி. புள்ளி கண்ணாடியில் மேலே ஏறினால், இடத்துக்கு முன்னாலேயே தரை தட்டப் போகிறோம் என்று அர்த்தம். இடக்கையைச் சற்று உயர்த்த வேண்டும். காலடிக்குள் இறங்கி மறைந்தால் தாண்டிப் போகப் போகிறோம், தாழ்த்த வேண்டும். சாய்வுக்கு இடக்கை, நெருங்கும் வேகத்துக்கு வலக்கை என்று வேலையைப் பிரித்துக் கொடுக்கிறார்கள்.

நெருங்கும் வேகம் என்றேனே, அங்கேதான் கண் ஏமாற்றும். மதுரையிலிருந்து வைகை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். சோழவந்தான் வரும் வரையில் நாகமலை நம்மோடு கூடவே மெதுவாக நடந்து வருவதுபோல் இருக்கும். பக்கத்துக் கம்பங்களோ பறந்து போகும். ரயிலின் வேகம் ஒன்றுதான். ஐந்நூறு அடி உயரத்தில் மணிக்கு 110 கிலோமீட்டர் என்பது ஒரு மனிதன் வீச்சாக நடக்கிற வேகமாகத்தான் கண்ணுக்குப் படும். அதே வேகம் ஐம்பது அடியில் பாய்ச்சலாகத் தெரியும். ஆகையால் மாணாக்கனுக்குச் சொல்லப்படும் விதி: கீழே தரை எப்போதும் நடை வேகத்திலேயே நகர்வதாகத் தெரியட்டும். உயரம் குறையக் குறைய, அந்தத் தோற்றத்தைக் காப்பாற்றுவதற்காகவே வேகத்தைச் சிறுகச் சிறுகக் கழித்துக்கொண்டு வந்தால், இடத்தை அடையும்போது வேகம் தானாகத் தீர்ந்திருக்கும். எந்த மானியும் இதைக் காட்டாது. கண்ணில் ஒரு சித்திரத்தை நிறுத்தி, அது கலையாமல் காப்பாற்றுவதுதான் வித்தை.

சித்திரம் கலையும் இடம் ஒன்று கட்டாயம் வரும். முன்வேகம் மணிக்கு முப்பது, நாற்பது கிலோமீட்டருக்கு இறங்கும்போது, ஓடிக்கொண்டிருந்ததால் கிடைத்த அந்த இலவசத் தூக்கல் நின்றுபோகிறது. யந்திரம் ஒரு நடுக்கம் நடுங்கும். அடியிலிருந்து யாரோ பலகையை உருவினாற்போல் இருக்கும். இடக்கையும் வலக்காலும் ஒன்றாக, நடுக்கத்துக்கு முன்பே, வேலை தொடங்கியிருக்க வேண்டும். இன்னும் கீழே வந்து, விசிறியின் குறுக்களவுக்குச் சமமான உயரத்துக்குள் புகுந்தால் (சேத்தக்குக்கு இது சுமார் 11 மீட்டர்) கீழே தள்ளிய காற்று தரையில் மோதி மெத்தைபோல் தாங்குகிறது. தரையை நெருங்க நெருங்க மெத்தை கனக்கும். இழந்ததில் ஒரு பகுதியை மண்மாதா திருப்பிக் கொடுக்கிறாள்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மதுரை விமான நிலையம் கடல் மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 140 மீட்டர்தான். ஆனால் கத்திரி வெயிலில் 40 டிகிரிச் சூடு இருக்கும்போது காற்று இளகிப் போய்விடுகிறது. விசிறியைக் கேட்டால், தான் 3,500 அடி உயரத்தில், சிறுமலைமேல் நின்று சுழல்வதாகத்தான் சொல்லும். பர்மாவில் ஹார்மனுடைய என்ஜின் திணறியதும் இதே காரணத்தால்தான். காலையில் மூன்று பேரோடு சௌகரியமாக இறங்கிய இடத்தில் பிற்பகலில் அதே மூன்று பேரோடு இறங்கச் சக்தி போதாமல் போகலாம். சியாசெனில் 20,000 அடிக்கு மேலே நம் வீரர்களுக்குச் சாமான் கொண்டுபோகிறவர்கள் இந்தக் கணக்கைக் கிலோ கிலோவாகப் போடுகிறார்கள்.

பிறகு காற்று. எதிர்காற்றில் இறங்கு என்பது முதல் பாடம். முதுகுப்புறம் காற்று அடித்தால், தரையைப் பார்க்கிறவனுக்கு வேகம் அதிகமாயிருப்பதாகத் தோன்றும்; குறைப்பான். உண்மையில் காற்றோடு ஒப்பிட்ட வேகம் ஏற்கெனவே செத்துப் போயிருக்கும். முன்னே சொன்ன சுழல் வளையத்துக்கு இதைவிட நேர்வழி இல்லை. காற்றுப் பை கட்டிய கம்பம் தளத்தில் இருக்கும். வயல்வெளியில் யார் கட்டி வைத்திருக்கிறார்கள்? மதுரைச் சமவெளியில் அதற்கு வேறு குறிகள் உண்டு. செங்கல் சூளைப் புகை பொய் சொல்லாது. கண்மாயில் தண்ணீர் இருந்தால், காற்று வரும் பக்கத்துக் கரையோரம் தண்ணீர் கண்ணாடிபோல் கிடக்கும், எதிர்க்கரையில் சிற்றலை அடிக்கும். பனை ஓலை எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பார்க்கலாம். ஆடியில் இதெல்லாம் வேண்டியதே இல்லை. அம்மியைப் பறக்க விடும் காற்று தன் திசையைத் தானே தெரிவித்துவிடும்.

இடத்தை மேலிருந்து ஒருமுறை சுற்றிப் பாராமல் இறங்குவது கிடையாது. சுற்றும்போது முக்கியமாகத் தேடுவது மின்சாரக் கம்பிகளை. கம்பி கண்ணுக்குத் தெரியாது. கம்பத்தைத்தான் தேட வேண்டும். அப்புறம் புழுதி. தேர்தல் சமயங்களில் தலைவர்கள் வந்திறங்கும் திடல்களில் முன்கூட்டியே லாரி லாரியாகத் தண்ணீர் தெளிப்பதை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். தலைவருடைய வெள்ளை வேஷ்டிக்காக என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். காரணம் அது அல்ல. கடைசி முப்பது அடியில் விசிறிக் காற்று செம்மண்ணைக் கிளப்பினால், இதுவரை கட்டிக் காத்த சித்திரம் ஒரு நொடியில் மறைந்துவிடும். தண்ணீர் தெளிக்க வழியில்லாத இடத்தில் அந்தரத்தில் நின்று யோசிக்காமல், ஒரே சீராக வந்து, புழுதி சூழ்ந்துகொள்ளுமுன் தரையில் வைத்துவிடுவார்கள். நிதானமாக வரத் தெரிந்தவனால் மட்டுமே இது முடியும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம், கற்றுக்கொடுக்கிறவரின் பாடு. தொழில் பாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னைக்கருகே தாம்பரத்தில் விமானப் படை ஒரு பள்ளி நடத்துகிறது; விமானம் ஓட்டக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கான பள்ளி. 1948-ல் அம்பாலாவில் ஆரம்பித்து 1954-ல் தாம்பரத்துக்கு வந்தது. அங்கே வருகிறவர்கள் எல்லோரும் நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள். அவர்கள் கற்க வேண்டியது, பக்கத்தில் இருக்கிறவன் தப்பாக ஓட்டும்போது கையை எவ்வளவு நேரம் சும்மா வைத்திருப்பது என்பதை! சீக்கிரம் பிடியைப் பறித்தால் மாணாக்கன் ஒன்றும் கற்கமாட்டான். தாமதித்தால் இருவரும் கற்க மீதி இருக்கமாட்டார்கள். "கட்டுப்பாடு என்னிடம்" என்று ஆசிரியர் சொன்னால் "கட்டுப்பாடு உங்களிடம்" என்று பதில் சொல்லிக் கையை எடுத்துவிட வேண்டும். இருவர் பிடித்துக்கொண்டிருப்பதும் ஒருவரும் பிடிக்காமலிருப்பதும் அங்கே ஒன்றுதான்.

அவர்கள் இன்னொன்றையும் விடாமல் வற்புறுத்துகிறார்கள். பாதை கெட்டுப்போனால், கெட்ட பாதையைத் திருத்தித் திருத்தி எப்படியாவது இறங்கிவிடப் பார்க்காதே. விட்டுவிட்டு மேலே ஏறு, மறுபடி சுற்றி வா. இளம் பிராயத்தினருக்கு இது எவ்வளவு சிரமமான பாடம் என்பது பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வைக்கு நின்றவர்களுக்குத் தெரியும். தப்பாகத் தொடங்கிய கணக்கை அடித்துவிட்டுப் புதிதாகப் போடுகிற பையன் நூற்றில் ஒருவன். மற்றவர்கள் அதே கணக்கின்மேல் எழுதி எழுதிக் காகிதத்தையே கிழித்துவிடுகிறார்கள். என் மாணாக்கனுடைய ஆசிரியர், அவன் தானாக மேலே ஏறிப் போன ஒவ்வொரு தடவையும் "நன்று" என்று சொன்னாராம். இறங்கிய தடவைகளுக்கு ஒன்றும் சொல்லவில்லையாம்.

கண்ணை நம்பிய வித்தைக்குக் கண் மறைந்தால் என்ன கதி? 2021 டிசம்பர் 8-ஆம் தேதியை நம் நாடு மறக்காது. சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் போன விமானப் படை ஹெலிகாப்டர், போய்ச் சேரச் சில நிமிஷங்களே இருக்கையில் குன்னூருக்கருகே விழுந்து, முப்படைத் தளபதி பிபின் ராவத் உள்பட 14 பேர் உயிரிழந்தார்கள். யந்திரத்தில் கோளாறு இல்லை. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி மேகத்துக்குள் புகுந்ததில் ஓட்டியவருக்குத் திசையுணர்வு பிசகி, ஓடிக்கொண்டிருந்த யந்திரம் மலையில் மோதிற்று என்று 2022 ஜனவரியில் விசாரணைக் குழுவின் முடிவு வெளியாயிற்று. ஓட்டியவர்கள் தேர்ந்தவர்கள். மேகத்துக்குள் காதுக்குள்ளிருக்கும் சமநிலை உறுப்பு மனிதனுக்குப் பொய் சொல்லும். சாய்ந்திருப்பவனை நேராயிருப்பதாக நம்பவைக்கும். அதனால்தான் வெளியே பார்க்கப் பழகிய மாணாக்கனுக்கே, பிற்பாடு கண்ணுக்குத் திரை கட்டி, மானிகளை மட்டும் நம்பி ஓட்டவும் கற்பிக்கிறார்கள்.

இவ்வளவு பாடுபட்டு நிதானம் பழகுவது எதற்கு என்பதை 2023 டிசம்பரில் தென் ஜில்லாக்கள் பார்த்தன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில் நின்றுபோய், ஏறக்குறைய 800 பிரயாணிகள் வெள்ளத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கு ஆகாரம் ஹெலிகாப்டரிலிருந்தும் போடப்பட்டது. வீட்டு மாடிமேல் நிற்கும் பசித்த குடும்பத்துக்குப் பொட்டலம் போடுவதற்குக் கீழே மெத்தையாகத் தாங்கும் தரை கிடையாது; சுற்றிலும் கம்பிகள்; மழைக் காற்று எந்தத் திசையிலிருந்தும் வரும். முன் கண்ணாடியில் ஒரு புள்ளியை அசையாமல் பிடிக்கப் பழகியவன் அந்த மாடியையும் அப்படியே பிடித்துக்கொண்டு வருகிறான்.

கடற்படையில் சேர்கிறவர்களுக்கோ அந்தப் புள்ளியே ஆடும். கப்பலின் மேல்தளம் முன்னே ஓடிக்கொண்டும் அலையில் ஏறி இறங்கிக்கொண்டும் இருக்கும். அதன்மேல் இறங்க வேண்டும். தரையில் இருபத்திரண்டு வாரப் பயிற்சி முடித்துத்தான் அந்த ஆட்டத்துக்குப் போகிறார்கள். 2024 ஜூன் 7-ஆம் தேதி அரக்கோணத்தில் அப்படித் தேறிய 21 அதிகாரிகளில் ஒருவர் அனாமிகா பி. ராஜீவ், நம் கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் ஓட்டி. பெண் பிள்ளைகள் அதிகமாய்ப் படிக்கும் என் வகுப்பில் இந்தச் செய்தியை வாசித்தபோது எழுந்த ஆரவாரத்தை அடக்க நான் அவசரப்படவில்லை.

இனிக் கடைசி மூன்றடி. அந்தரத்தில் நிறுத்திய பிறகு பார்வையைக் காலடியில் வைக்காமல் தூரத்து மரத்தில் வைக்க வேண்டும். காலடியைப் பார்க்கிறவன் சைக்கிள் பழகும்போது முன் சக்கரத்தையே பார்க்கிற பையனைப்போல் ஆடுவான். இடக்கையை நூலிழை நூலிழையாகத் தாழ்த்த, சேத்தக்கின் மூன்று சக்கரங்களில் ஒன்று முதலில் மண்ணைத் தொடும். அதோடு மனம் நிம்மதியடைந்து கையை நிறுத்திவிட்டால் ஆபத்து. பாதிப் பாரம் தரையிலும் பாதிப் பாரம் காற்றிலுமாக நிற்கும்போது, விசிறியின் ஆட்டமும் சக்கரத்து வில்லின் ஆட்டமும் ஒத்துக்கொண்டுவிட்டால், சில வினாடிகளில் யந்திரம் தன்னைத்தானே உதறிச் சிதறடித்துக்கொள்ளும். ஒன்று முழுக்க இறங்கிவிட வேண்டும், அல்லது உடனே மேலே எழும்பிவிட வேண்டும். சக்கரங்கள் மூன்றும் பதிந்து, பிடி அடிமட்டத்துக்குப் போய், பாரம் முழுவதும் மண்மேல் ஏறிய பிறகுதான் மாணாக்கன் மூச்சை விடுகிறான். பக்கத்து ஆசனத்தில் இருப்பவர் அதற்குள் விரலை மேலே காட்டுகிறார்: இன்னொரு சுற்று.